பாக்ஸ் அவுட்டுக்குக் கட்டம் இல்லை

போன தை மாதம், காணும் பொங்கலுக்கு அடுத்து வந்த ஞாயிறு. திண்டிவனத்தில் பெண்கள் கூடைப்பந்து அரையிறுதி. விழுப்புரம் அணியும் உள்ளூர் அணியும் மோதின. யார் என்ன செய்தார்கள் என்று எண்ணிக் குறிக்கும் ஸ்டாட்ஸ் மேசையில் நான் இருந்தேன். இரு அணிகளிலும் கூடைக்கு அடியில் ஆடும் போஸ்ட் ஆட்டக்காரிகளில் ஒருத்தியை மண்டல அணிக்கு எடுக்கப்போவதாகத் தேர்வாளர் முன்பே சொல்லியிருந்தார். அவர் முதலில் பார்ப்பது ரீபவுண்டு எண்ணிக்கையை.

இந்த மேசைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக விதி. ஷாட் தவறியபின் பந்தை முதலில் தன்வசப்படுத்துகிறவருக்கு ரீபவுண்டு. வேண்டுமென்றே சக ஆட்டக்காரரிடம் தட்டிவிட்டால், தட்டியவருக்கு. யாருக்கும் வசப்படாமல் கோட்டைத் தாண்டினால், பந்தை உள்ளே எறியும் த்ரோ-இன் வாய்ப்பைப் பெறும் அணியின் கணக்கில் சேரும். ஆள் பெயர் கிடையாது.

விழுப்புரத்தின் போஸ்ட் கௌசல்யா, கெடார் ஊர்க்காரி. ஷாட் எழும்பியதும் பந்தைப் பார்க்க மாட்டாள். திண்டிவனம் போஸ்ட்டை முதுகால் அடைத்து நிற்பாள். இதுதான் பாக்ஸ் அவுட். விழும் பந்தை அதே அணியில் வெளிவட்டத்தில் ஆடும் கார்டு ஷர்மிளா எடுத்துக்கொள்வாள். ரீபவுண்டும் ஷர்மிளாவுக்கே.

இடைவேளையில் விழுப்புரம் கோச் மேசைக்கு வந்தார்.

"இன்னா சார், நம்ம கௌசிக்கு இவ்ளோதான் போட்ருக்கீங்க? அடியில முட்டிக்கினு நிக்கிறது அவதானே?"

"முட்டிக்கினு நிக்கிறதுக்கு ஷீட்ல கட்டம் இல்ல கோச். பந்து யாரு கைல வந்துச்சோ அவங்களுக்குத்தான்."

பின்னால் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த கௌசல்யா கேட்டாள்: "அப்போ பந்தப் புடிச்சா பேரு, ஆளப் புடிச்சா ஒண்ணும் இல்ல. அப்டித்தானே சார்?"

"அப்டித்தாம்மா."

மூன்றாவது குவார்ட்டரில் அவள் எல்லாப் பந்துக்கும் எகிறினாள். சில ரீபவுண்டு கிடைத்தது. ஆனால் பின்னால் அடைக்க ஆளில்லாததால் திண்டிவனம் போஸ்ட் அதைவிட அதிகமாக எடுத்து, அங்கேயே கூடையும் போட்டாள். விழுப்புரத்தின் லீடு கரைந்தது.

"ஏய் கௌசி! ஆள வுட்டுட்டு எங்க போய்க்கினு இருக்க?" என்று கோச் கத்தினார்.

"பேரு போட்றாங்கண்ணா!"

"பேர வாங்கி மாலையா போட்டுக்கோ," என்றாள் ஷர்மிளா. "மேட்ச் பூடும்."

கோச் டைம்-அவுட் எடுத்தார். கடைசி குவார்ட்டரில் கௌசல்யா மறுபடி முதுகைத் திருப்பினாள். விழுப்புரம் ஒரு புள்ளி முன்னிலையில் இருந்தபோது, திண்டிவனத்தின் கடைசி ஷாட் தவறியது. கௌசல்யா அடைத்து நின்றாள். பந்து தரையில் விழுந்தது. ஷர்மிளா எடுத்தாள். ஆட்டம் முடிந்த ஹார்ன் அடித்தது.

என் பக்கத்தில் பந்தை எடுத்தவரின் நம்பர் சொல்லிக்கொண்டிருந்தவர் தயங்கினார். "சார், இத கௌசிக்குப் போட்ரலாமா?"

"அவ தொட்டாளா?"

"இல்ல."

"அப்போ ஷர்மிளா."

தேர்வாளர் திண்டிவனம் போஸ்ட்டை எடுத்தார். எண்ணிக்கையில் அவளே மேல். ஷூவைக் கையில் பிடித்தபடி கௌசல்யா வந்தாள்.

"சார், அவளுக்கு ரீபவுண்டு எப்போ ஏறுச்சு?"

"மூணாவது குவார்ட்டர்ல."

"நான் எகிறிக்கினு இருந்தப்பவா?"

"ஆமா."

ஷூவைக் கீழே வைத்தாள். பிறகு, "அவளுக்கு நான்தான் சார் போட்டுக் குடுத்திருக்கேன்," என்றாள்.

இப்போதெல்லாம் ஆட்டத்தின் நடுவில் எந்தக் கோச் கேட்டாலும் ஆள்வாரி எண்ணிக்கை சொல்வதில்லை. தெரிந்துவிட்டால் ஆடுகிறவர் அதற்காகவே ஆடத் தொடங்கிவிடுவார். கோச்சுகள் திட்டுகிறார்கள். திட்டட்டும்.