இடைவெளி பிடிக்காத கிராணி

1985 வாக்கில் மலேசியாவின் ஈப்போவில், ஒரு தையல் கடையின் மாடியில் கணினி வகுப்பு நடத்தினேன். தாப்பா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஒருவர் சனிக்கிழமைதோறும் பஸ் பிடித்து வருவார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. தோட்ட அலுவலகத்துக்குக் கணினி வரப்போகிறது. அதை இயக்கத் தெரியாவிட்டால் அவர் நாற்காலியில் வேறு ஆள் உட்காருவார் என்று மேனேஜர் சொல்லிவிட்டாராம்.

புதிதாகக் கற்பவர்களுக்காகப் பத்திரிகையில் வரும் புரோகிராமை நோட்டில் எழுதி வந்து, வகுப்பில் தட்டுவார். மூன்று வாரமாகப் பிழை என்றே திரை சொன்னது. பிழைக்கு நான்கு காரணங்கள் என்று நான் பட்டியல் வைத்திருந்தேன். ஐந்தாவதை அவர் சேர்த்தார். பத்து, இருபது, முப்பது என்றிருந்த வரி எண்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று அழகாகத் திருத்தியிருந்தார். ‘முப்பதாம் வரிக்குப் போ’ என்ற கட்டளை மட்டும் அப்படியே இருந்தது. போவதற்கு அந்த வரிதான் இல்லை.

“ஏன் ஐயா மாத்துனீங்க?”

“பத்துக்கு அப்புறம் இருபதுன்னா, நடுவுல ஒம்பது பேரு எங்க டீச்சர்? காலைப் பெரட்டுல வரிசையா நிக்கற ஆள் கணக்கை இப்படி எழுதுனா மேனேஜர் என்னை விடுவாரா?”

“பின்னால புதுசா வரி சேக்க இடம் விட்டிருக்காங்க.”

பழைய எண்களைப் போட்டதும் புரோகிராம் ஓடியது. அவர் திரையையே பார்த்தார்.

“வரப்போற ஆளுக்கு மெஷினே இடம் விடுதுலா. இருக்கற ஆளுக்கு விடாதா? திங்கக்கெழம மேனேஜர்கிட்ட கேக்கறேன்.”

கேலி செய்தாரா, ஒத்திகை பார்த்தாரா என்று முகத்தில் தெரியவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வந்தார். மேனேஜர் என்ன சொன்னார் என்று கேட்க எனக்குத்தான் துணிவு வரவில்லை.