கொழுந்து மலையில் ஒரு நேர்முகத் தேர்வு

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு கார்த்திகை மாதம். மடுல்சீமைப் பக்கத்தில் என் தங்கை வேலை செய்யும் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது.

நான் பதுளையில் ஓர் அலுவலகத்தில் பிரதம எழுதுவினைஞர். வீட்டில் இரண்டு அலுமாரி நிறையப் புத்தகங்கள். இந்தத் தகுதிகளை வைத்து, குடும்பத்தில் யாருக்கு ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். நான் எழுதிக் கொடுத்த விண்ணப்பத்தால் யாருக்காவது வேலை கிடைத்ததா என்று இதுவரை எவரும் கேட்டதில்லை. நானும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

என் மருமகள், அதாவது தங்கை மகள், அப்போது பல்கலைக்கழகத்தில் கணினித் துறையில் மூன்றாம் வருடம். விடுமுறையில் ஒரு கம்பனியில் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் கொடுத்தால்தான் இறுதி வருடத்துக்குள் நுழைய முடியும். கூடப் படித்த பிள்ளைகளுக்கு அப்பாவின் நண்பர், மாமாவின் நண்பர் என்று கொழும்பில் இடம் கிடைத்துவிட்டது. இவளுக்கு வாய்த்த ஒரே மாமா நான். இருபது கம்பனிக்கு மேல் எழுதினோம். ஒன்றே ஒன்று பதில் போட்டது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு இணையவழியில் நேர்முகத் தேர்வு. எந்தக் கம்பனி என்று பல்கலைக்கழகத்துக்கு அறிவிக்கக் கடைசி நாள் அடுத்த திங்கட்கிழமை. அதாவது, இதை விட்டால் ஒரு வருடம் போச்சு.

பதுளையில் என் வீட்டிலிருந்து, என் புத்தக அலுமாரி பின்னால் தெரிய, அவள் பேச வேண்டும் என்று முடிவு செய்தேன். "பஸ் ஏறி வா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். திரும்பி வரும் வழியெல்லாம் நேர்முகத் தேர்வுக்குப் பாடம் நடத்தலாமே என்ற ஆசையில் வியாழக்கிழமையே அவளைக் கூட்டிவர நானே புறப்பட்டுப் போனேன். அன்று மழை பிடித்தது. வெள்ளி விடிந்தபோது பாதையில் இரண்டு இடத்தில் மண்சரிவு. பஸ் இல்லை. அவளோடு சேர்ந்து நானும் லயத்தில், தொழிலாளர் குடியிருக்கும் அந்த வரிசை வீட்டில், மாட்டிக்கொண்டேன்.

லயத்தில் சிக்னல் கிடையாது. அஞ்சாம் நம்பர் மலையில், ஒரு பாறைக்குப் பக்கத்தில் மட்டும் கிடைக்கும். காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் புறப்பட்ட தங்கை வாசலில் நின்று சொன்னாள்: "அண்ணே, இன்னைக்கி அந்த மலையிலதான் எங்க ஆளுக எல்லாரும் கொழுந்து எடுக்குறோம்."

அது சரிவராது. ஏனென்றால் என் பாடத்தின் முதல் விதியே, எந்த ஊர் என்று கேட்டால் பதுளை என்று சொல்ல வேண்டும், தோட்டம், லயம் என்றெல்லாம் வாய் திறக்கக் கூடாது என்பதுதான். தோட்டத்தில் பிறந்த நானும் அலுவலகத்தில் அப்படித்தான் சொல்லி வந்தேன். யோசித்தேன். தங்கை வீட்டு வெள்ளைப் படுக்கை விரிப்பை எடுத்துக்கொண்டேன்.

பத்து மணி. பாறை மேல் லெப்டொப். அதன் முன்னால் குடைக்குக் கீழே மருமகள். அவளுக்குப் பின்னால் விரிப்பை இரு கையாலும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, சுவராக நான். மேலே தேயிலைச் செடி நிரையிலிருந்து ஒரு குரல் வந்தது: "என்னா தொர, துணி காயப்போட வேற எடம் கெடைக்கலையா?" மலை முழுக்கச் சிரிப்பு. சுவர் பதில் பேசக் கூடாதென்பதால் பொறுத்துக்கொண்டேன். அதற்குள் ஓர் அட்டை என் காலில் ஏறத் தொடங்கியிருந்தது.

திரையில் மூன்று பேர். ஆங்கிலத்தில் கேள்வி. சாமான் விநியோகிக்கும் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் மென்பொருள் செய்கிறவர்கள் அவர்கள். நாற்பது பேர், எல்லோருடைய வேகமும் ஒன்றல்ல, வேலையும் ஒரே அளவல்ல. எப்படிப் பிரிப்பாய்? மருமகள் நான் மனப்பாடம் செய்வித்த பதிலைத் தொடங்கினாள். இரண்டாவது வாக்கியத்தில் என் ஆங்கிலம் அவள் தொண்டையில் சிக்கிக்கொண்டது. திணறினாள். நின்றுவிட்டாள்.

அட்டை முழங்காலுக்கு வந்தது. நான் காலை உதறினேன். காற்று அதற்காகவே காத்திருந்தது போல விரிப்பைப் பிடுங்கிக்கொண்டு போனது.

திரையில் இருந்தவர்களுக்கு மலை தெரிந்தது. கூடையோடு பெண்கள் தெரிந்தார்கள். ஒற்றைக் காலில் நான் தெரிந்தேன். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். மருமகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் 'பதுளை' என்று வாயசைத்தேன். அவள் முன்னால் திரும்பி, இது தேயிலைத் தோட்டம், பாதை மூடியிருக்கிறது, இங்கே மட்டும்தான் சிக்னல், மூன்றாவது நிரையில் நிற்பது என் அம்மா என்று ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னாள்.

மூவரில் ஒருவர் யாழ்ப்பாணத்துக்காரர். "பரவாயில்லை பிள்ளை, கேள்விக்குத் தமிழிலயே மறுமொழி சொல்லுங்கோ" என்றார்.

அவள் லெப்டொப்பை மலைப் பக்கம் திருப்பினாள். "இங்க தெனமும் இதேதாங்க நடக்குது. பெரட்டுல கங்காணி பிரிச்சு விடுவாரு. வேகமான கைக்குப் பக்கத்துல மெதுவான கை. மொதல்ல முடிச்சவங்க பக்கத்து நிரையில எதிர்ப்பக்கமா எடுத்துக்கிட்டு வருவாங்க. யாரும் சும்மா நிக்க மாட்டாங்க. வயசானவங்களுக்கும் நடு நிரைதான்…"

"பொய் சொல்லாத புள்ள!" மேலேயிருந்து என் தங்கை கத்தினாள். "வயசான ஆளுகளுக்கு ரோட்டோர நிரைதான். கூடையத் தூக்கிக்கிட்டு ஏற முடியாதுல்ல?"

என் உயிர் போய்விட்டது.

"ஆர் அது?" என்றார் யாழ்ப்பாணத்துக்காரர்.

"எங்கம்மாங்க."

"அம்மா சொன்னது சரி. வேகத்தை மட்டும் பார்த்தால் காணாது, தூக்குற பாரத்தையும் பார்க்க வேணும். அதையும் சேர்த்து இப்ப ஆங்கிலத்தில சொல்லுங்கோ."

சொன்னாள். கையிலிருந்த நோட்டுக் கொப்பியில் அரைப் பக்கத்துக்குக் கோடு போட்டுக் காட்டிச் சொன்னாள். நான் கற்றுக்கொடுத்த ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. அதனால்தானோ என்னவோ, எல்லாம் புரிந்தது. மூவரும் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். அடுத்த முதலாம் திகதி வந்து சேரச் சொல்லிவிட்டு மறைந்தார்கள்.

"என்னாவாம்?" என்றாள் தங்கை.

"எடுத்துட்டாங்கம்மா!"

அந்த மலை போட்ட சத்தம் கீழே தொழிற்சாலை வரை கேட்டதாம். "ஏய், நாங்களுந்தானே கூட நின்னோம், எங்களுக்கும் சர்டிபிகேட் கேளு!" என்றாள் ஒருத்தி. தங்கை கூடையோடு இறங்கி ஓடி வந்து மகளைக் கட்டிக்கொண்டாள். கங்காணி இரண்டு நிமிடம் எங்கோ வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகுதான், "சரி சரி, கைய ஓட்டுங்க, மழை வருது" என்றார்.

மருமகள் பயிற்சியை முடித்தாள், பட்டத்தையும் வாங்கினாள். இன்று அதே கம்பனியில் நிரந்தரமாக வேலை பார்க்கிறாள். என்னிடம் இன்னும் விண்ணப்பம் எழுதப் பிள்ளைகள் வருகிறார்கள். "அம்மாவையும் கூட்டிக்கிட்டு வா" என்று திருப்பி அனுப்புகிறேன். அந்த அம்மா தன் வேலையைப் பற்றிச் சொல்லச் சொல்ல, பிள்ளைக்கு நினைவு வந்து தான் பார்த்ததையும் செய்ததையும் சொல்லத் தொடங்கும். நான் குறுக்கே பேசாமல் அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கிறேன். என் ஆங்கிலத்துக்கு ஏற்ற உத்தியோகம் அதுதான் என்பது எனக்கு விளங்க ஐம்பத்து மூன்று வயது வரை ஆகியிருக்கிறது.