அக்காவின் புரவிக்குத் தோள் கொடுத்தவர்கள்

அக்கா அவர்கள் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உற்றார் உறவினர் அனைவருக்கும் வணக்கம். முதலில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிடுங்கள், பிறகு படியுங்கள். படித்துவிட்டுச் சிலர் சாப்பிடாமலேயே எழுந்து போகக்கூடும். சமைத்த சோறு வீணாவதை அக்கா பொறுக்க மாட்டார்.

காரைக்குடிக்கு மேற்கே, உழுது பிழைக்கும் ஒரு சம்சாரி வீட்டின் மூத்த மகளாகப் பிறந்தவர் அக்கா. அம்மா சீக்கிரமே போய்விட்டதால் என்னை வளர்த்தவரும் அவர்தான். எங்கள் ஊரை ஒட்டிய சர்க்கார் காட்டுக்கு மறுபுறம் இருக்கும் ஊரில் வாழ்க்கைப்பட்டார். அத்தான் காய்ச்சலில் இறந்தபோது பிள்ளைகள் இரண்டும் சின்னஞ்சிறுசுகள். அதன்பின் அத்தானின் தம்பிதான் அந்த வீட்டுக்குச் சம்பாதித்துப் போட்டார்.

அறுபதுகளின் நடுவில் அந்தத் தம்பி, காட்டில் பட்டுப்போன மரங்களை மட்டும் வெட்டிக்கொள்ள ஏலம் எடுத்தார். பச்சை மரத்தின் அடிப்பட்டையைச் சுற்றிலும் உரித்துவிட்டால், கொஞ்ச நாளில் அதுவும் பட்ட மரம்தானே! அந்த வித்தை நடந்தது. இரண்டு ஊர்க் கண்மாய்களுக்கும் அந்தக் காட்டிலிருந்துதான் தண்ணீர் வரத்து. மரம் போனால் மண் கரைந்து கண்மாய் மேடாகிவிடும் என்று எல்லாருக்கும் தெரியும்.

உடனே இரண்டு ஊரிலும் வனப் பாதுகாப்புச் சங்கம் முளைத்தது. தலைவர், உபதலைவர், காரியதரிசி, பொருளாளர் எல்லாரும் உண்டு. காட்டுக்குள் போகத்தான் ஆள் இல்லை. இரு சங்கமும் சேர்ந்து வேலை செய்வதென்று காட்டோரத்து அய்யனார் கோயிலில் கூடினார்கள். அய்யனாருக்கு மண்குதிரைகளைத் தூக்கிப் போகும் புரவியெடுப்புத் திருவிழாவுக்கு முன்னால், அந்தக் குதிரைகளைச் செய்யும் வேளாரிடம் கண்மாயிலிருந்து பிடிமண் எடுத்துக் கொடுக்கும் உரிமை எந்த ஊருக்கு என்பதில் அவர்களுக்குள் நெடுநாள் தாவா. அந்த உரிமை உள்ள ஊர்தான் கூட்டத்திலும் முதலில் பேச வேண்டுமாம். ஆக, முதல் பேச்சை யாரும் பேசவில்லை. கோடாலிச் சத்தம் காதில் விழ, வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இப்படிப்பட்ட மகான்களை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அக்கா நேரே போய் நின்றார். "பிடிமண்ணுக்கு அடிச்சுக்கிறீகளே, கம்மாய் தூந்து போச்சுன்னா எங்குட்டுப் போயி மண்ணள்ளுவீக?"

பொம்பளை சபையில் பேசலாமா என்று இரண்டு சங்கமும் அன்றுதான் முதன்முதலாக ஒரே குரலில் கேட்டன.

இரண்டு ஊரும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்கள். இங்கே பிறந்தவர்கள் அங்கே, அங்கே பிறந்தவர்கள் இங்கே. அந்தப் பெண்களை அக்கா ஒன்று சேர்த்தார். புல்லறுக்கப் போகிற சாக்கில் முறைவைத்துக் காட்டில் இருந்தார்கள். பட்டை உரிக்க வந்தவர்களை வாயாலேயே விரட்டினார்கள். கடைசியில் மரவண்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

"மதினி, இந்த வண்டி ஓடித்தான் நம்ம வீட்டுல உலை வைக்கிறீக" என்றார் அத்தானின் தம்பி.

"தெரியும் தம்பி. இன்னைக்கு வண்டி போகாது."

வனத்துறை அதிகாரி வந்தார். பச்சை மரத்தைப் பட்டை உரிக்கச் சொன்னது யார் என்று கேட்டார். சங்கத் தலைவர்கள் இருவரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்தார்கள். அக்கா, கொழுந்தன் முகத்தைப் பார்த்தபடியே அவர் பெயரைச் சொன்னார். ஏலம் ரத்தானது. அதோடு அக்கா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தனியே அடுப்பு மூட்டினார், களையெடுக்கக் கூலிக்குப் போனார். காட்டைக் காப்பாற்றியதற்காகச் சங்கத்தார் தங்களுக்குத் தாங்களே மாலை போட்டுக்கொண்டார்கள், தனித்தனிப் பந்தலில்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒருவழியாகப் புரவியெடுப்பு நடந்தது. மகன் நோயிலிருந்து பிழைத்ததற்கு அக்கா ஒரு குதிரை நேர்ந்திருந்தார். நேர்ந்த குதிரையை ஊரார் தோள் கொடுத்துக் கோயிலுக்குத் தூக்கிப் போவதுதான் முறை. குடும்பத்தைக் காட்டிக்கொடுத்தவள் என்றார்கள் புகுந்த ஊரார். கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு இங்கே என்ன பாத்தியம் என்றார்கள் பிறந்த ஊரார். எல்லாக் குதிரைகளும் போனபின் பொட்டலில் அக்காவின் குதிரை மட்டும் நின்றது. நான் ஒருவன் என்ன செய்ய? அக்கா அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

அப்போது அத்தானின் தம்பி வந்தார், பழைய மரவெட்டி ஆட்களோடு.

"நீங்க எதுக்கு வந்தீக?" என்றார் அக்கா.

"என் மூஞ்சியப் பாத்துச் சொன்னது நீங்க ஒருத்தருதான் மதினி. மத்தவுக எங்கிட்டக் காசு வாங்கித் தின்னுட்டு, முதுகுக்குப் பின்னால பேசுனாக." ஆட்கள் பக்கம் திரும்பினார். "தூக்குங்கப்பா."

உதவியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். முறைவைத்துக் காட்டில் இருந்த பெண்களுக்கும், புரவி தூக்கிய கைகளுக்கும், கடைசி மாதங்களில் அக்காவைப் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்ட அந்தத் தம்பியின் மனைவிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இறுதி ஊர்வலத்தன்று "காடு காத்த அன்னை" என்று எழுதிய மாலைகளோடு வந்து தோள் கொடுக்க முண்டிய இரு சங்கத்துப் பெரியவர்களுக்கும் ஒரு சொல். அன்று நான் உங்களைத் தடுத்தேன். ஏன் என்று ஓராண்டாகக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நினைவு தப்புவதற்கு முன் அக்கா என் கையைப் பிடித்துச் சொன்னது இதுதான்:

"எம் புரவியத் தூக்காத தோளு, எம் பாடையவும் தூக்க வேணாம்டா."