நானூறு விசிறிகளும் ஒரு திருப்புளியும்

சுங்கக் கிடங்கின் சரக்குப் பரிசோதகருக்குச் சக ஊழியர்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. வக்கீல் கடிதத்தைப் படிக்கும் முன்பே பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிடுகிற கெட்ட பழக்கம் அவருக்கு உண்டு. வாங்கும் சம்பளத்துக்கு வேலையும் செய்கிறவர் என்பதால் அலுவலகத்தில் அவரை விநோதமாகத்தான் பார்த்தார்கள்.

அன்று வந்திருந்தவை கணினிக்குள் மாட்டும் நானூறு விசிறிகள். அவை தங்கள் காப்புரிமையை மீறுவதாகச் சொல்லி, பெரிய நிறுவனமொன்றின் வக்கீல் தடித்த கோப்புடன் வந்தார். மீறல் உறுதியானால் அத்தனையும் அழிக்கப்படும். இறக்குமதி செய்த கடைக்காரப் பெண்ணின் முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணே, இது போச்சுன்னா கடைய மூட வேண்டியதுதான்."

"இருங்கம்மா" என்ற பரிசோதகர் திரும்பினார். "வக்கீல் சார், உங்க காப்புரிமை எதுக்கு?"

"திருகாணியே இல்லாம மாட்டுற விசிறிக்கு. இது அச்சு அசலா அதேதான்!"

பரிசோதகர் ஒரு பெட்டியைக் கவிழ்த்தார். விசிறியோடு நான்கு திருகாணிகளும் உருண்டன. அவற்றை, திருகாணி முடுக்கக் கையில் வைத்திருந்த திருப்புளியால் ஓரமாகத் தள்ளிவிட்டு, மேசைமேல் இருந்த கணினியைக் காட்டினார்.

"இதெல்லாம் இல்லாம மாட்டிக் காட்டுங்க பார்ப்போம்."

மூன்றாவது முறையும் விசிறி வக்கீலின் காலடியில் விழுந்ததும் சரக்கு விடுவிக்கப்பட்டது.

"உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலண்ணே!"

"எனக்கெதுக்கும்மா? அந்த நாலு திருகாணிக்குச் சொல்லுங்க" என்றபடி அடுத்த பெட்டியைப் பிரித்தார்.