கேட்டைத் தொடும் நேரம்

எங்கள் வாசற்படியிலிருந்து தெருக் கேட்டு வரை என் நடையில் இருபத்தாறு அடி. என் மனைவிக்கு எத்தனை அடி என்று சொல்ல முடியாது. மறதி நோய் வந்தபின் அவள் நேராக நடப்பதில்லை. இரண்டடி முன்னே, ஓரடி பின்னே, கிணற்றுப் பக்கம், முருங்கைப் பக்கம் என்று அலைந்து கடைசியில் கேட்டைப் பிடித்துவிடுவாள். கையில் ஒரு புடவை வைத்த துணிப்பை. சோரியாங்குப்பத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போக வேண்டும் என்பாள். அந்த அம்மா இறந்து முப்பத்தோரு வருடம். கேட்டுக்கு வெளியே டிப்பர் லாரிகள் ஓடும் சாலை.

பூட்டு போடச் சொன்னாள் நெட்டப்பாக்கத்தில் இருக்கும் மகள். ஒரு நாள் போட்டேன். மனைவி பூட்டைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். "சார், சாவி யார்கிட்ட இருக்குது? எங்க வூட்ல தேடுவாங்க."

நாற்பத்து நான்கு வருடத்தில் அவள் என்னை சார் என்றதில்லை. பூட்டைக் கழற்றிவிட்டேன்.

பூட்டுக்குப் பதிலாகக் கடிகாரத்தை எடுத்துக்கொண்டேன். கல்லூரியில் புள்ளியியல் நடத்தியவன் நான். அலைந்துகொண்டே ஒரு பக்கமாக நகரும் பொருள் ஓர் எல்லையை முதன்முதலில் தொட எடுக்கும் நேரத்தை நேர்மாறு காஸியன் பரவல் சொல்லும். பெரும்பாலான நாட்கள் சீக்கிரம் முடியும். சில நாட்கள் நீண்டுகொண்டே போகும். நான் குளிக்க ஏழு நிமிடம். அதற்குள் அவள் கேட்டைத் தொட்டுவிடுவாளா? எனக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான்.

அடுக்குக்குறிக் குடும்பம் என்று நாங்கள் சொல்லும் வகைப் பரவல் இது. எல்லா நேரங்களையும் வைத்திருக்க வேண்டாம். நாட்களின் எண்ணிக்கையோடு நேரங்களின் கூட்டலும் அவற்றின் தலைகீழிகளின் (ஒன்றை அந்தந்த நேரத்தால் வகுத்தால் வருவது) கூட்டலும் போதும், மற்றதைத் தூக்கி எறியலாம் என்று வகுப்பில் உற்சாகமாகச் சொல்வேன். நோட்டில் ஓரமாக, "இன்று குடை கேட்டாள்" என்று எழுதியிருந்தேன். அதை அடிக்க முடியவில்லை.

முதலில் சராசரி பதினோரு நிமிடம். மழைக்காலம் முடிந்தபோது பத்தொன்பது. பொங்கலுக்குப் பிறகு நாற்பது. "பரவால்லியேப்பா, இனிமே நிம்மதியா குளிக்கலாம்" என்றாள் மகள் போனில். இரண்டு நாள் அப்படித்தான் குளித்தேன், சோப்பெல்லாம் போட்டு.

மூன்றாம் நாள் கணக்கை மறுபடி போட்டேன். அவள் அலைவது குறையவில்லை; கேட்டுப் பக்கம் அவளை இழுப்பதுதான் குறைந்திருந்தது. அந்த இழுப்பு பூச்சியமானால் சராசரிக்கு முடிவே இல்லை. நாற்பது நிமிடத்தைப் பாதுகாப்பு என்று எண்ணிய மடையன் நான்.

நேற்று அவள் பை இல்லாமல் இறங்கினாள். மூன்று மணி நேரம் முருங்கையையும் கிணற்றையும் சுற்றினாள். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பையை எடுத்துக்கொண்டு, கேட்டைத் திறந்து, சாலையோரம் நின்று கூப்பிட்டேன்.

"சோரியாங்குப்பம் போவலியா?"

நின்று யோசித்தாள். "அங்க யாரு இருக்காங்க?" என்றாள். முருங்கைப் பக்கம் திரும்பிவிட்டாள்.

நோட்டில், நேரங்களின் கூட்டலில் நேற்றைக்கு எழுத எதுவும் இல்லை. தலைகீழிகளின் கூட்டலில் எழுதலாம்: தொடாத நேரம் முடிவில்லாதது, அதன் தலைகீழி பூச்சியம். சேர்த்தேன். கூட்டல் மாறவில்லை. இன்று காலையும் கேட்டைத் திறந்தே வைத்திருக்கிறேன். இன்னும் குளிக்கவில்லை.