கண்ணை மூடி ஆள் எடுத்த மேனேஜர்

கையெழுத்துப் போடவே தடுமாறும் நான்தான் மலைச்சரிவில் பூண்டுக் கிடங்கு கட்டினேன், மட்டக்குதிரை போகத் தடம் வெட்டினேன், கொடைக்கானலுக்குக் கால்பந்துக் கோப்பையும் வாங்கிக் கொடுத்தேன்.

எங்கள் அணி மேனேஜர் மூக்குவரை மப்ளர் சுற்றிய ஒல்லி மனிதர். ஆள் எடுக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். எதிரணிக்கு பூட்ஸ் இருந்தது. கோப்பை அவர்களுக்குத்தான் என்று ஊரே பேசியது.

"எனக்குப் பந்து உதைக்கத் தெரியாதுங்க சார். குதிரையை அதட்டத்தான் தெரியும்."

"அதட்டு, கேப்போம்."

அதட்டினேன். அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"ஏலே, நீதான் கோல்கீப்பர். பனி எறங்குனா ஒண்ணும் தெரியாது. நீ கத்திக்கிட்டே கெட. நம்ம பயலுக உன் சத்தத்துக்கு முதுகக் காட்டி ஓடட்டும்."

இறுதி ஆட்டத்தில் மூடுபனி இறங்கியது. நான் கத்தினேன், நம்மவர்கள் சரியான பக்கம் ஓடினார்கள். எதிரணிக்காரன் திசை தெரியாமல் தன் கோலுக்குள்ளேயே பந்தை அடித்துவிட்டான். அந்த ஒரு கோலில் ஜெயித்தோம்.

பனி விலகியபோதும் மேனேஜர் கண்ணை மூடித்தான் நின்றார். அந்த மனிதர் ஒரு ஆட்டத்தையாவது கண்ணால் பார்த்தாரா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

கோப்பையில் அவர் பெயர் மட்டும் இருக்கிறது. அதன் கீழே என் பெயரையும் பொறிக்க வேண்டும். பெரிய எழுத்தில் பொறியுங்கள். சின்ன எழுத்து எனக்குப் படிக்க வராது.