மருதாணிக் கையும் மூன்று கால் ரெகுலேட்டரும்

என் கல்யாணத்துக்கு முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை மதியம், மாப்பிள்ளையே எங்கள் எஸ்டேட் லைன் வீட்டு வாசலில் வந்து நின்றார். தோளில் போர்வை சுற்றிய கீபோர்டு. கூடியிருந்த பெண்களெல்லாம் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஒரு நாள் பொறுக்க முடியலையா என்று சித்தி கேட்டாள். அவர் யாரையும் பார்க்காமல் என்னிடம், "இது செத்துப்போச்சு" என்றார்.

தேயிலை விலை விழுந்து கிடந்த காலம் அது. தூள் மூட்டைகள் குன்னூர் ஏலத்தில் போகாமல் திரும்பி வரும். பாக்டரி வாரத்தில் பாதி நாள்தான் ஓடியது. அவர் அங்கே இலையைச் சூட்டில் உலர்த்தும் டிரையரைப் பார்ப்பவர். சும்மா இருந்த நாட்களில் சிநேகிதர்களோடு சேர்ந்து ஒரு இசைக்குழு ஆரம்பித்திருந்தார். கல்யாணத்துக்கு வெளியிலிருந்து பேண்டு செட் வேண்டாம், எங்கள் குழுவே போதும், தாலி கட்டியதும் முதல் பாட்டை நானே வாசிப்பேன் என்று எஸ்டேட் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். இப்போது அந்தக் கீபோர்டில் விளக்குகூட எரியவில்லை.

நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்துவிட்டு குன்னூரில் ஒரு டிவி ரிப்பேர் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். என் டூல்ஸ் பெட்டி வீட்டில்தான் இருந்தது. ஆனால் இரண்டு கையிலும் அப்போதுதான் வைத்த மருதாணி, முழங்கை வரை ஈரம். கழுவினால் கொன்றுவிடுவேன் என்று அம்மா சொன்னாள்.

"நீங்க கழட்டுங்க. நான் சொல்றேன்" என்றேன்.

கட்டிலில் போர்வையை விரித்து அவர் திருகாணிகளைக் கழற்றினார். மீட்டரை எங்கே வைக்க வேண்டும் என்று தாடையால் காட்டினேன். அடாப்டரிலிருந்து பன்னிரண்டு வோல்ட் உள்ளே வந்தது. அதை ஐந்தாகக் குறைத்துக் கொடுக்கும் ரெகுலேட்டரின் மறுபக்கத்தில் ஒன்றுமில்லை. 7805 என்ற அந்தச் சிப் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆனால் அன்று குன்னூரில் கடைகள் பூட்டு, கோயம்புத்தூரிலும் அப்படித்தான். அவர் என் பெட்டியைத் துழாவியதில் 317 என்ற சிப் ஒன்று கிடைத்தது. பார்க்க அதே உருவம், அதே மூன்று கால். ஆனால் தானாக ஐந்து வோல்ட் தராது, இரண்டு ரெசிஸ்டரை வைத்து நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். இருநூற்றிருபது ஓம் ஒன்று, அதற்கு அறுநூற்றறுபது ஓம் ஜோடி. அறுநூற்றறுபது இல்லாததால் முந்நூற்று முப்பதில் இரண்டை வரிசையாகச் சேர்க்கச் சொன்னேன்.

கால்களின் வரிசையும் வேறு. பழையதில் கரண்ட் இடது காலில் நுழையும், இதில் வலது காலில். அப்படியே சொருகக் கூடாது, ஒயர் இழுத்து மாற்றிக் கொடுக்க வேண்டும் என்று விளக்கினேன். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு பற்றவைத்தார். ஈயம் உருண்டை உருண்டையாக விழுந்தது. முந்திரிப் பருப்பு மாதிரி இருக்கு என்று சித்தி சொன்னாள்.

போர்டுக்குப் போகும் ஒயரை மட்டும் இணைக்காமல் சோதித்தோம். மீட்டரில் பூஜ்ஜியம். அவர் சிப்பைத் தொட்டுவிட்டுச் சட்டென்று விரலை இழுத்தார். டிரையர் கதவை வெறுங்கையால் திறக்கிறவர். மனதில் மறுபடி கணக்குப் போட்டேன். கணக்கில் தப்பில்லை, கால்களும் சரி. பிறகுதான் சிப்பின் உலோக முதுகைப் பார்த்தேன். பழைய சிப்பின் முதுகு கிரவுண்ட், கரண்ட் திரும்பிப் போகும் வழி. அதனால் இரும்புத் தகட்டில் நேராகத் திருகியிருந்தார்கள். இதன் முதுகு அவுட்புட். அதே தகட்டில் திருகியதால் வெளியே வர வேண்டிய கரண்ட் முழுக்கத் தகடு வழியாகக் கிரவுண்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"அவிழ்த்திடுங்க. இதுக்குத் தனித் தகடு வேணும். வேற எதுலயும் படக் கூடாது."

சூடு இறங்க அலுமினியம் வேண்டும் என்றதும் அப்பா எழுந்துபோய்த் தன் சாப்பாட்டுத் தூக்குப்போசியின் மூடியைக் கொண்டுவந்தார். அம்மா வாயைத் திறப்பதற்குள் கத்தரியால் அதில் ஒரு துண்டு வெட்டியாயிற்று. சிப்பை அதில் திருகி, பிளாஸ்டிக் சுவரோரம் தனியாக நிறுத்தினோம்.

மீட்டர் ஐந்தைக் காட்டியது. ஒயரைப் போர்டில் வைத்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் ஒரு கட்டையை அழுத்தினார். அறை முழுக்க அந்தச் சத்தம். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு வெட்கம் வந்து முகத்தை மூடப் போனேன். "கை, கை" என்று பெண்கள் கத்தினார்கள்.

மறுநாள் மாரியம்மன் கோயில் கொட்டகையில் தாலி கட்டி முடித்ததும் மாலையோடு எழுந்துபோய்க் கீபோர்டு முன்னால் நின்றார். ஒரு பாட்டு என்றவர் நிறுத்தவேயில்லை. கொழுந்து பறிக்கும் பெண்கள் சேலையைச் செருகிக்கொண்டு ஆடினார்கள். பாக்டரியை நடத்தும் டீமேக்கர் ஐயா, அதுவரை யாரும் சிரித்துப் பார்த்திராத மனிதர், கோட்டைக் கழற்றிவிட்டு நடுவில் இறங்கினார். போட்டோக்காரர் பொறுமை இழந்து என்னிடம் வந்து, "ஏனுங்க, மாப்பிள்ளையைக் கொஞ்சம் கூப்பிடுங்க" என்றார். நான் கூப்பிடவில்லை. நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, அடுத்து எந்தப் பாட்டு என்று கேட்டேன்.